தேனீ வருவது நிறத்துக்கா, வாசனைக்கா?

சிங்கப்பூர் செங்காங் தம்பியின் கேள்வி, 9 மார்ச் 2024, காலை 9.40

எங்கள் வீடு பத்தாவது மாடி. தாழ்வாரத்தில் அம்மா இரண்டு துளசித் தொட்டி வைத்திருக்கிறார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. தினமும் காலை ஏழே முக்காலுக்கு ஐந்தாறு தேனீ வருகிறது. எல்லாம் நீலத் தொட்டிக்கே போகிறது, சிவப்பை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. செடி இரண்டும் ஒன்றுதான், வாசனையும் ஒன்றுதான். ஆகவே தேனீ நிறத்தைப் பார்த்துத்தான் வருகிறது, வாசனை என்பதெல்லாம் நாமாகக் கட்டிய கதை என்கிறேன். மறுப்பவர் உண்டா?

9 மார்ச், காலை 10.52

நான் மறுக்கிறேன் தம்பி. வாசனைதான் முதல்.

என் மாமியார் வீடு மார்த்தாண்டம் பக்கம். ரப்பர் தோட்டத்துக்குள்ளே நாற்பது தேனீப் பெட்டி இருந்தது. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தளிர்விடும் நாளில், மூன்று சிற்றிலையும் வந்து சேரும் காம்பு நுனியில் தேன் கசியும். அங்கே நீலமும் கிடையாது, மஞ்சளும் கிடையாது, எல்லாம் தளிர் நிறம். ஆனாலும் விடிந்ததும் பெட்டி வாசலிலிருந்து கூட்டம் கூட்டமாய்ப் போகும். மாமியார் பெட்டி திறக்கிற நாளில் பவுடர் போடமாட்டார், தலையில் பூவும் வைக்கமாட்டார். "அதுக்கு மூக்குதான் கண்ணு" என்பார்.

ஆய்வுக்கூடத்திலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். தேனீயைச் சிறு குழாயில் தலை மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்துவார்கள். உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் நாக்கு தானாக நீளும், அது பிறவிக் குணம். சர்க்கரைக்கு இரண்டு மூன்று நொடி முன்பாக ஒரு வாசனையைக் காட்டிவிட்டுச் சர்க்கரையைக் கொடுங்கள். அடுத்த முறை வாசனை மட்டும் வந்தாலே பல தேனீ நாக்கை நீட்டிவிடும். ஒரே ஒரு பாடம் போதும். மூன்று தடவை சொல்லிக் கொடுத்தால் நாள்கணக்கில் மறக்காது. 1961இல் தகேதா என்ற ஜப்பானியர் தொடங்கி வைத்த முறை இது. அறுபது ஆண்டு தாண்டியும் இன்றைக்கும் அதையே செய்கிறார்கள்.

9 மார்ச், காலை 11.05

கேட்க மறந்துவிட்டேன். இரண்டு துளசியிலும் கதிர் விட்டிருக்கிறதா? தேனீ துளசி இலைக்கு வராது, கதிரில் இருக்கும் பொடிப் பூவுக்குத்தான் வரும்.

10 மார்ச், இரவு 8.30

தம்பி பதில் போட்டிருக்கிறார். சிவப்புத் தொட்டி வாசலை ஒட்டி இருப்பதால் அம்மா பூஜைக்கு அதிலிருந்துதான் கிள்ளுகிறாராம், கதிரே நிற்பதில்லையாம். நீலத் தொட்டியில் பதினாறு கதிர்.

அப்புறம் என்ன, புதிர் அவிழ்ந்துவிட்டது. நிறத்துக்கு இதில் வேலையே இல்லை. பூ இருக்கும் இடத்துக்குத் தேனீ போகிறது, அவ்வளவுதான்.

10 மார்ச், இரவு 10.15

"அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நீலத் தொட்டியில் பூ இருக்கிறது, சரி. ஆனால் அதே தேனீ நாளைக்கு வரும்போது எதை அடையாளமாக வைத்து வரும்? பதினாறு கதிரின் வாசனையையா, தாழ்வாரத்தின் இந்த முனை என்பதையா, நீலத்தையா? தம்பி கேட்டது இதைத்தான். நான் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொன்னேன்.

17 மார்ச், பகல் 1.20

எங்கள் யீஷூன் புளோக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி உண்டு. குழுத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு நேற்றும் இன்றும் காலை ஒரு சோதனை செய்தேன். சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கண்ணாடித் தட்டில் ஊற்றித் துளசிப் பக்கம் வைத்தேன். அரை மணி கழித்து ஓர் அடுக்குத் தேனீ வந்தது (இங்கே பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டும் நடுத்தரத் தேனீ. ஊரில் பெட்டியில் வளர்ப்பதும் இதே இனம்தான்). அது குடித்துக்கொண்டிருக்கும்போது பல்குத்தி நுனியால் முதுகில் வெள்ளை அக்ரிலிக் புள்ளி ஒன்று வைத்தேன். குடிக்கிற நேரத்தில் தேனீக்கு வேறு நினைப்பே கிடையாது, அசையவில்லை.

அது உட்கார்ந்து குடிக்கும்போது தட்டுக்கு அடியில் நீல அட்டையை மெதுவாகத் தள்ளிவைத்தேன். கிளம்பியதும் எடுத்துவிட்டேன். ஆறேழு நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்தது. எட்டு முறை இப்படிச் செய்தேன். ஒன்பதாவது முறை சர்க்கரையே இல்லாத இரண்டு தட்டு, ஒன்றின் கீழே நீலம், ஒன்றின் கீழே மஞ்சள். வெள்ளைப் புள்ளி வந்தது. இரண்டுக்கும் நடுவே, பழைய தட்டு இருந்த இடத்திலேயே சுற்றியது. நீலத்தில் ஒரு தடவை இறங்கியது, மஞ்சளில் ஒரு தடவை இறங்கியது, போய்விட்டது.

மூன்று தேனீயிடம் பார்த்தேன், மூன்றும் அப்படித்தான். எட்டு தடவை நீலத்தின் மேல் உட்கார்ந்து வயிறு நிறையக் குடித்தும் நீலம் மனதில் ஏறவில்லை. நான் முதலில் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன்.

18 மார்ச், இரவு 9.00

மேலே நான் எழுதிய முடிவைத் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெடோக்கிலிருந்து ஓர் ஆசிரியர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்: "அக்கா, உட்கார்ந்த பிறகு காட்டினால் எப்படிப் படிக்கும்? வரும்போதல்லவா காட்ட வேண்டும்?" அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 1931இல் எலிசபெத் ஆப்ஃபிங்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதையேதான் சோதித்தார். தேனீ நெருங்கி வரும்போது ஒரு நிறம், குடிக்கும்போது வேறு நிறம், கிளம்பும்போது மூன்றாவது நிறம் என்று தீவனத் தட்டின் அடியில் மாற்றி மாற்றிக் காட்டினார். தேனீயின் நினைவில் நின்றது நெருங்கும்போது கண்ட நிறம். நானோ குடிக்கும்போது காட்டிவிட்டு, அது படிக்கவில்லை என்கிறேன்.

முதல் நாள் நானே எழுதிய வரியைப் பாருங்கள்: "சர்க்கரைக்கு இரண்டு மூன்று நொடி முன்பாக". வாசனைப் பாடத்துக்கும் அதே விதிதான். சர்க்கரையைக் கொடுத்துவிட்டுப் பிறகு வாசனை காட்டினால் தேனீ அதைப் படிக்காது. அறிகுறி முந்த வேண்டும், கூலி பிந்த வேண்டும். பூவில் இயல்பாகவே அப்படித்தான் நடக்கிறது. நிறம் தெரிகிறது, மணம் வருகிறது, இறங்குகிறது, அப்புறம்தான் தேன். அந்த வரிசையை நான் குலைத்துவிட்டேன்.

24 மார்ச், பகல் 12.40

மறுபடி செய்தேன். இந்தத் தடவை நீல அட்டையை முன்கூட்டியே விரித்து அதன் மேல் தட்டை வைத்தேன். புதுத் தேனீ, புதுப் புள்ளி. ஐந்து வரவு. ஒவ்வொரு முறையும் தட்டின் இடத்தை மாற்றினேன், இல்லாவிட்டால் இடத்தைத்தான் படிக்கும். ஆறாவது முறை வெறும் தட்டுகள், நீலமும் மஞ்சளும். நேராக நீலம். மறுபடி நீலம். நாலாவது தடவை இறங்கியும் ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டது. மற்ற இரண்டு தேனீயும் அதே மாதிரி.

தம்பி, நிறத்தைத் தேனீ நன்றாகவே படிக்கிறது. 9ஆம் தேதி நான் அத்தனை உறுதியாக மறுத்திருக்கக் கூடாது.

24 மார்ச், மாலை 5.10

ஜூரோங் நண்பர் ஒருவர் கேட்கிறார்: "உங்கள் நீல அட்டை மஞ்சளைவிடக் கருத்தது. தேனீ நிறத்தையா பார்த்தது, கருப்பு வெளுப்பையா?"

கேட்க வேண்டிய கேள்வி. நூறு வருடத்துக்கு முன் இதே சண்டைதான் நடந்தது. மியூனிக்கில் ஹெஸ் என்ற கண் மருத்துவர், தேனீக்கு நிறமே தெரியாது, வெளிச்ச வேறுபாடுதான் தெரியும் என்றார். இளைஞராக இருந்த கார்ல் வான் ஃபிரிஷ் அதை நம்பவில்லை. வெள்ளையிலிருந்து கருப்பு வரை வரிசையாகச் சாம்பல் அட்டைகளைப் பரப்பி, அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு நீல அட்டை வைத்தார். தேனீக்கு நிறம் தெரியாவிட்டால் ஏதாவது ஒரு சாம்பலை நீலம் என்று எண்ணி ஏமாற வேண்டும். ஏமாறவில்லை. அட்டையின் வாசனையாக இருக்குமோ என்று மேலே கண்ணாடித் தகட்டை மூடினார். அப்போதும் நீலத்துக்கே வந்தது. 1914இல் இதை வெளியிட்டார். பின்னாளில், 1973இல், தீனி இருக்கும் இடத்தைக் கூட்டில் ஆடிக் காட்டும் தேனீ நடனத்தின் பொருளைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு அவருக்கு வந்தது.

அவருக்கும் முன்பே, 1910இல், சார்ல்ஸ் ஹென்றி டர்னர் என்ற கறுப்பின அமெரிக்கர் செயின்ட் லூயிஸ் நகரப் பூங்காவில் தேனீக்கு நிறம் பழக்கினார். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பல்கலைக்கழக வேலை அவருக்குக் கிடைக்கவில்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. பூங்காவில் வண்ண வட்டும் தேனும் வைத்துக்கொண்டு இத்தனையும் செய்தார். அவர் பேர் நம் பிள்ளைகளின் பாடத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த வாரம் சாம்பல் அட்டை ஒன்பது வெட்டிச் செய்கிறேன்.

26 மார்ச், காலை 7.55

செம்பருத்திக்குத் தேனீ ஏன் வருவதில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். தேனீக்குச் சிவப்பு ஒரு நிறமாகத் தெரியாது, இருட்டாகத்தான் தெரியும். அதன் கண்ணில் மூவகை உணரிகள்: புற ஊதா, நீலம், பச்சை. மேற்கத்தியத் தேனீயில் அவை அதிகம் உணரும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 344, 436, 544 நானோமீட்டர். சிவப்புக்கு ஆள் இல்லை. நமக்குப் புற ஊதா இல்லை, அதற்குச் சிவப்பு இல்லை. எங்கள் தோட்டத்துச் செம்பருத்திக்குத் தேன்சிட்டுதான் வருகிறது, பறவைக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும். மகரந்தத்துக்காக எப்போதாவது ஒரு தேனீ செம்பருத்தியில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் "வரவே வராது" என்று சொல்லமாட்டேன்.

29 மார்ச், காலை 11.30

பெரிய வெள்ளி, விடுமுறை. காலை ஆறரைக்கே தோட்டத்தில் இருந்தேன்.

சாம்பல் ஒன்பது, நீலம் ஒன்று. நீலத்துக்கே வந்தது. ஜூரோங் நண்பர் கேட்டதற்கு இதுவே பதில்.

பிறகுதான் நான் காத்திருந்த சோதனை. நீலத்தோடு பன்னீரையும் சேர்த்துப் பழக்கினேன், தட்டு விளிம்பில் இரண்டு சொட்டு. ஆறு வரவுக்குப் பிறகு இரண்டையும் பிரித்துவைத்தேன்: நீல அட்டை, பன்னீர் இல்லை. இரண்டு முழம் தள்ளி மஞ்சள் அட்டை, பன்னீர் உண்டு.

நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். புள்ளித் தேனீ வேலிப் பக்கமிருந்து வந்தது. மஞ்சளைக் கடந்து நீலத்துக்குத்தான் வந்தது. ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. இறக்கை அடிக்கிறது, உடம்பு அசையவில்லை, கால்கள் தொங்குகின்றன. இரண்டு உணர்கொம்பும் முன்னால் நீண்டு, தட்டின் விளிம்பைத் தடவுகிற மாதிரி மேலும் கீழும் போயின. மூன்று நொடி இருக்கும். இறங்கவில்லை. பின்வாங்கியது. காற்று மஞ்சள் பக்கமிருந்து லேசாக வந்தது. தேனீ திரும்பி, வளைந்து வளைந்து காற்றுக்கு எதிராகப் போய், மஞ்சள் தட்டின் மேல் இறங்கி நாக்கை நீட்டியது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஃபிரிஷும் இதைத்தான் கண்டார்: தூரத்தில் நிறம் அழைக்கிறது, வாசலில் வாசனை தீர்ப்புச் சொல்கிறது. தம்பி சொன்னதும் சரி, மாமியார் சொன்னதும் சரி. யார் எத்தனை தூரத்தில் நின்று சொன்னார்கள் என்பதே வேறு.

29 மார்ச், இரவு 9.45

"தூரத்தில்" என்று எழுதினேன். எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. தேனீயின் கூட்டுக்கண் கூர்மை மிகக் குறைவு. ஒரு பொருளின் நிறத்தை நிறமாகக் காண அது கண்ணில் 15 பாகை அளவுக்கு விரிந்து தெரிய வேண்டும். 1 சென்டிமீட்டர் பூவென்றால் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் பக்கத்தில் வந்தால்தான். என் அட்டை 8 சென்டிமீட்டர் வட்டம், 30 சென்டிமீட்டரில் தெரியும். துளசிப் பூ அரை சென்டிமீட்டர்கூட இல்லை! அதைப் பத்தாவது மாடிக்குக் கீழிருந்து பார்த்து வந்தது என்று சொல்லவே முடியாது. ஆனால் தம்பியின் நீலத் தொட்டி ஒரு முழம் அகலம். அது ஓரிரண்டு மீட்டரிலேயே தெரிந்துவிடும்.

ஆக, பூவைவிடத் தொட்டிதான் தேனீக்குப் பெரிய அடையாளம். 10ஆம் தேதி "நிறத்துக்கு இதில் வேலையே இல்லை" என்றேனே, அது தவறு.

31 மார்ச், பகல் 2.00

பெடோக் ஆசிரியர் இன்னொரு ஓட்டையைப் பிடித்திருக்கிறார். தேனீ நல்ல தீனி கிடைத்த இடத்தில் தன் வாசனையை விட்டுப் போகும். வெள்ளிக்கிழமை மஞ்சளுக்கு வைத்தது பழக்கிய தட்டா, புதுத் தட்டா என்கிறார்.

நினைத்துப் பார்த்தேன். கழுவிய தட்டு, ஆனால் பழைய தட்டுதான். எனவே அந்த ஒரு சோதனையை இன்று காலை முற்றிலும் புதிய தட்டுகளோடு திரும்பச் செய்தேன். நான்கு தேனீயில் மூன்று அதே மாதிரி நடந்தன: நீலத்துக்கு வந்து, தயங்கி, பன்னீருக்குப் போயின. ஒன்று நீலத்திலேயே இறங்கி விளிம்பைச் சுற்றி நடந்துவிட்டுப் பறந்தது. நான்கு தேனீ என்பது சொற்பம், அறிவேன். கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

சோதனை செய்ய விரும்புவோருக்கு: சர்க்கரைத் தண்ணீரைத் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருக்கலாம். தோட்டத்தில் வைத்தாலும் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டுப் போனால் ஒரு கூட்டத்தின் நோய் இன்னொரு கூட்டத்துக்குத் தொற்றும், தேனீக்குள் சண்டையும் வரும்.

2 ஏப்ரல், இரவு 8.20

ஏழே முக்கால் மணி விஷயத்தை நான் தொடவே இல்லை. தேனீக்கு நேரம் தெரியும். 1929இல் இங்கபோர்க் பெலிங், குறித்த வேளையில் மட்டும் தீனி வைத்துப் பழக்கினார். பிறகு தட்டைக் காலியாக வைத்தும் தேனீ அதே வேளைக்கு வந்தது. வெயிலைப் பார்த்து வருகிறதோ என்ற சந்தேகம் இருந்தது. 1955இல் மாக்ஸ் ரென்னர் பாரிஸில் பழக்கிய தேனீயை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கே மூடிய அறையில், பாரிஸ் நேரப்படியே தீனிக்கு வந்தது. கடிகாரம் உள்ளேயே இருக்கிறது.

துளசிப் பூ காலையில் தேன் தருகிறது, தேனீ அந்த வேளையைக் குறித்துவைத்திருக்கிறது. ஆக வாசனை, நிறம், இடம், வேளை, நான்கையும் சேர்த்து ஒரே முடிச்சாக முடிந்து வைத்துக்கொள்கிறது. மூளையின் எடை 1 மில்லிகிராம், நரம்பணு 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வாசனை முதலில் போய்ச் சேரும் பகுதியில் சுமார் 160 குட்டி உருண்டைகள். எந்த எந்த உருண்டை துடிக்கிறது என்பதை வைத்து இது பன்னீர், இது துளசி என்று பிரிகிறது.

இன்னொன்று. 1993இல் மார்ட்டின் ஹேமர் ஒரே ஒரு நரம்பணுவைக் கண்டுபிடித்தார். வாசனை காட்டியதும் சர்க்கரை கொடுக்காமல் அந்த ஒரு நரம்பணுவை மட்டும் தூண்டினார். தேனீ அந்த வாசனையைப் படித்துக்கொண்டது. நாக்கில் ஒரு சொட்டும் படவில்லை, ஆனால் இனித்தது என்ற செய்தி மூளைக்குப் போய்விட்டது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருபத்தாறு ஆண்டு குப்பி கழுவியிருக்கிறேன், இதைப் படித்த அன்று போல எதுவும் என்னை ஆட்டியதில்லை.

4 ஏப்ரல், காலை 8.10

காப்பிக்கடையில் தேனீ மொய்ப்பது பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். மொய்ப்பது சர்க்கரைக்கும் பண்டோங் என்ற ரோஜாப் பால் பானத்துக்கும் கரும்புச்சாற்றுக்கும். ஆனால் காப்பிக்கும் தேனீக்கும் வேறொரு உறவு உண்டு. காப்பிச் செடியின் பூந்தேனிலும் எலுமிச்சை, ஆரஞ்சு இனப் பூந்தேனிலும் சிறிதளவு காஃபீன் இருக்கிறது. 2013இல் ஜெரால்டின் ரைட் குழுவினர் அந்த அளவு காஃபீனைச் சர்க்கரையில் கலந்து பழக்கினார்கள். மறுநாள் வாசனையை நினைவில் வைத்திருந்த தேனீக்கள் மூன்று மடங்கு. பூ தன்னை மறக்காமலிருக்க மருந்து கொடுக்கிறது என்று சொல்லலாம்.

மூடாத பண்டோங் கோப்பையும் பாடம்தான். முதல் தேனீ ஒரு வாய் குடித்துப் போனால், அந்த மணத்தையும் மேசையையும் வேளையையும் படித்துவிட்டது. கூட்டுக்குப் போய் ஆடியும் காட்டும். கடைக்காரர்கள் தேனீயை அடிப்பதைவிடக் கோப்பையை மூடுவது மேல். பாடம் கூலியோடுதான் வாழும். கூலி நின்றால் வரவு குறையும். ஆனால் உடனே நின்றுவிடாது, இன்று கைவிட்டது போலிருந்து நாளைக் காலை ஒரு முறை எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

6 ஏப்ரல், இரவு 10.30

படிக்காமலே தெரிந்த வாசனைகளும் உண்டு. தேனீ கொட்டும்போது வெளிவரும் எச்சரிக்கை மணத்தில் முக்கியமான பொருள் ஐசோபென்டைல் அசிடேட், பழுத்த வாழைப்பழத்தின் மணம். அதனால்தான் பெட்டிப் பக்கம் வாழைப்பழத்தோடு போகாதே என்பார்கள். கொட்டிய இடத்திலேயே மற்றவையும் வந்து கொட்டும். ஒன்றை நசுக்கினாலும் இதே கதி. விலகி நடப்பதே வழி.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வந்து மனம் கனக்கிறது. இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் பக்கத்துப் புளோக்கில் நாலாவது மாடிக் குழாயில் ஒரு கூட்டம் வந்து தொங்கியது. பிரிந்து வந்த கூட்டம். புது வீடு தேடும்வரை இப்படித் தொங்கும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கிளம்பிவிடும். வயிறு நிறையத் தேனோடு கிளம்புவதால் அப்போது கொட்டுகிற எண்ணமே அதிகம் இருக்காது. யாரோ பயந்துபோய்ப் பூச்சி ஒழிப்பவர்களை அழைத்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு, பத்து நிமிடத் தெளிப்பு. மாலையில் நான் போனபோது படியெல்லாம் தேனீ. சில இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன. துடைப்பத்தால் கூட்டிய அந்தச் சரசரப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கூட்டத்தைக் கண்டால் முதலில் நகர மன்றத்திடமோ தேசியப் பூங்காக் கழகத்திடமோ சொல்லுங்கள். உயிரோடு இடம் மாற்றிக் கொடுப்பவர்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள்.

8 ஏப்ரல், இரவு 7.15

ஒருவர்: "இதெல்லாம் பழக்கம், அறிவு என்று சொல்லலாமா?"

2001இல் மார்ட்டின் ஜுர்ஃபாவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த சோதனையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். வாசலில் ஓர் அடையாளம். உள்ளே இரண்டு கிளைவழி. வாசலில் கண்டது எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கேதான் சர்க்கரை. தேனீ படித்தது. பிறகு, அது கண்டே இராத புது அடையாளங்களை வைத்தார்கள். அப்போதும் ஒத்ததையே தேர்ந்தது. வாசனையில் கற்ற விதியை நிறத்துக்கும் எடுத்துச் சென்றது. "முன்னே கண்டதுபோல் இருப்பது" என்ற எண்ணம் மூக்குக்கும் கண்ணுக்கும் பொதுவாக அந்தக் குட்டித் தலைக்குள் இருக்கிறது. எனக்கு அதை அறிவு என்று சொல்ல ஒரு தயக்கமும் இல்லை.

நம்மவர் ஒருவர் செய்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மண்டயம் சீனிவாசன். தேனீ தூரத்தை எப்படி அளக்கிறது என்று பார்க்க, சுவரில் கருப்பு வெள்ளைக் கோலம் போட்ட 6 மீட்டர் சுரங்கவழியில் பறக்கவிட்டார்கள். வெளியே வந்த தேனீ, நூறு மீட்டருக்கு மேல் பறந்ததாகக் கூட்டில் ஆடிக் காட்டியது. கண்ணுக்குப் பக்கத்தில் சுவர் வேகமாக ஓடினால் அதற்குத் தூரம் அதிகம். கம்பிக் கதவும் செருப்படுக்குமாக இருக்கும் நம் தாழ்வாரங்களில் பறந்து வரும் தேனீயும் கூட்டில் போய்க் கூடுதலாகத்தான் சொல்லும் என்று ஊகிக்கிறேன்.

13 ஏப்ரல், இரவு 9.30

நாளை புத்தாண்டு. தேக்கா சந்தையில் வேப்பம்பூ வாங்கிவந்து காம்பு ஆய்ந்துகொண்டிருக்கும்போது தம்பியின் செய்தி வந்தது. நான் கேட்டுக்கொண்டபடி அம்மாவிடம் அனுமதி வாங்கி, இரண்டு செடியையும் தொட்டி மாற்றி நட்டிருக்கிறார். வேர் கலையாமல் மண்ணோடு தூக்கி வைத்தாராம். கதிர் நிறைந்த செடி இப்போது சிவப்புத் தொட்டியில், கிள்ளிய செடி நீலத்தில். இடமும் மாற்றிவிட்டார், கதிர்ச் செடி வாசல் பக்கம். அம்மாவை ஒரு வாரம் கிள்ளாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார். பூஜைக்குத் தேக்காவில் வாங்கிக்கொள்கிறார்களாம். அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

14 ஏப்ரல், காலை 9.20

தம்பி எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"அக்கா, 7.41க்கு முதல் தேனீ. நேரே நீலத் தொட்டிக்கு வந்தது. இலைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. இரண்டு சுற்று சுற்றியது. பிறகு வாசல் பக்கம் போய்ச் சிவப்புத் தொட்டியில் கதிரில் உட்கார்ந்துவிட்டது. அடுத்து வந்த நான்கும் முதலில் நீலத்துக்கே வந்தன. எட்டு மணிக்குப் பிறகு வந்தவை நேரே சிவப்புக்குப் போயின. அவை நீலத்தில் நின்றவைதானா, வேறா என்று தெரியவில்லை, புள்ளி வைக்க எனக்குப் பயம்."

பயம் வேண்டாம் தம்பி. பல்குத்தி, அக்ரிலிக், குடிக்கத் தொடங்கிய பிறகு. நெஞ்சுப் பகுதியின் நடுவில் வையுங்கள், இறக்கையில் படக்கூடாது. கதிரில் உட்கார்ந்திருக்கும்போது வைப்பது கடினம்தான், பூவுக்குப் பூ தாவும். அடுத்த ஞாயிறு நான் செங்காங் வருகிறேன், சேர்ந்து வைப்போம். அதுவரை தொட்டி இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டு வையுங்கள். நாளைக் காலை முதலில் வருவது எந்தத் தொட்டிக்கு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு அதற்கு இருட்டுதான், ஆனால் இருட்டையும் ஓர் அடையாளமாகப் படிக்க முடியும்.